நீந்தாத கடலோடிகள்

நீருக்கு அருகில் வாழ்பவர் நீந்தத் தெரிந்தவராக இருப்பார் என்ற எதிர்பார்ப்பு இயல்பானது. ஆனால் அது அடியோடு பொய்த்துப்போகும் இடங்கள் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்று, அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே வளைகுடாவின் வாயிலில் கிடக்கும் அரன் தீவுகள். வெறும் சுண்ணாம்புப் பாறையின் மேல் மணலையும் கடற்பாசியையும் கொட்டித் தாமே மண்ணை உண்டாக்கிப் பயிரிட்டு, ‘கர்ரக்’ எனப்படும் படகில், அதாவது மெல்லிய மரச்சட்டத்தின் மேல் தார் பூசிய கித்தானைப் போர்த்திய எடை குறைந்த படகில், அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் சென்று மீன்பிடித்து வந்த அந்தத் தீவினர், பெரும்பாலும் நீந்தக் கற்காதவர்களாகவே இருந்தனர். பாய்மரக் கப்பல்களின் காலத்து ஐரோப்பிய மாலுமிகளில் மிகப் பலரும் அப்படித்தான். வாழ்நாளெல்லாம் கடலின் மேல் கழித்தவர்கள், கடலுக்குள் தம் உடலைத் தாங்கிக்கொள்ளும் கலையை ஏன் நாடவில்லை என்ற கேள்வி, பழக்கவழக்கம் பற்றியதாகத் தோன்றினாலும், சற்றே தோண்டிப் பார்த்தால் விதி, முயற்சி, நம்பிக்கை ஆகிய மூன்றையும் தொடுகிறது.

உடல் சார்ந்த விளக்கம் ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் அளவில் உள்ள நீரில் திடீரென விழுபவருக்குத் தோல் குளிர்ந்த கணத்திலேயே மூச்சு தன்னையறியாமல் உள்ளே இழுக்கப்பட்டு, பின் ஓரிரு நிமிடங்கள் கட்டுக்கடங்காமல் ஓடும். இதைக் குளிரதிர்ச்சி என்பர். அந்த முதல் மூச்சின்போது தலை நீருக்குள் இருந்தால் நீச்சல் அறிவால் பயனில்லை. அதைத் தாண்டியவருக்கும் பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் கைகால்களின் தசைகள் விறைத்து வீச்சு நின்றுபோகும். கனத்த கம்பளி உடையும், விரைவில் திரும்பி வர இயலாத பாய்மரக் கப்பலும் சேர்ந்துகொண்டால், நீந்தத் தெரிவது சாவைத் தடுக்காமல் அதன் நேரத்தை மட்டும் நீட்டும் என்று மாலுமிகள் கருதியதில் பிழையில்லை. ஆயினும் இந்தக் கணக்கு முழு விடையாகாது. படகுகள் நடுக்கடலில் மட்டும் கவிழ்வதில்லை. கரையேறும் இடத்து அலையடிப்பில், பத்துப் பன்னிரண்டு கைவீச்சுத் தொலைவில், கரையில் நிற்பவர்களின் கண்ணெதிரே கவிழ்வதும் உண்டு. அங்கே நீச்சல் ஓர் உயிரின் விலை பெறும். அதை அறிந்தும் கற்காமல் இருந்ததற்கு வேறொரு காரணம் இருந்தாக வேண்டும்.

அந்தக் காரணத்தைக் கடலோரச் சமூகங்கள் சமய மொழியிலேயே சொல்லி வந்தன: கடல் தனக்கு உரியதை எடுத்துக்கொள்ளும். இந்த நம்பிக்கையின் மிகக் கொடிய வடிவம் நீந்தாமையன்று, மூழ்குபவரைக் காப்பாற்றாமையே. வால்டர் ஸ்காட் 1820களின் தொடக்கத்தில் வெளியிட்ட ‘கடற்கொள்ளையன்’ என்ற நாவலில், ஷெட்லாந்துத் தீவின் ஊர்சுற்றி வணிகன் ஒருவன், கப்பல் உடைந்து கரையொதுங்கும் மனிதனைக் காப்பாற்ற விரைபவனைத் தடுத்து, மூழ்குபவனை மீட்டால் அவனால் மீட்டவனுக்கே தீங்கு வரும் என்று எச்சரிக்கிறான். மானுடவியல் என்ற துறை உருவான காலத்தில் அதன் முன்னோடிகளுள் ஒருவரான எட்வர்ட் டைலர், 1871ஆம் ஆண்டின் தமது ‘தொல்பண்பாடு’ என்னும் நூலில், இதே எண்ணம் தொலைவிலுள்ள கம்சட்கா மக்கள் உட்படப் பல இடத்தவரிடம் காணப்படுவதை எடுத்துக்காட்டி, நீரில் உறையும் ஆவி தனக்கென்று பிடித்த இரையைப் பறிப்பவன் மேல் அது பழிதீர்க்கும் என்ற பழைய நம்பிக்கையின் எச்சமாக அதை விளக்கினார். பொருளை மறந்த பின்னும் செயலாகத் தொடர்ந்து வரும் இத்தகைய வழக்கங்களை அவர் ‘எச்சங்கள்’ என்றே அழைத்தார். டைலரின் விளக்கம் தொடக்கத்தைச் சொல்லக்கூடும். ஆனால் ஞாயிறுதோறும் திருப்பலிக்குச் சென்ற கத்தோலிக்க மீனவர் நீர் ஆவியை மறந்த பின்னும் நீந்தாமையை மட்டும் ஏன் விடாமல் பற்றிக்கொண்டார் என்பதற்கு அதில் விடையில்லை.

நடப்பது எப்படியும் நடக்கும், ஆதலால் முயற்சி வீண் என்ற எண்ணத்தை ஊழ்வாதம் எனலாம். பழைய கிரேக்கத்தில் இதற்குச் ‘சோம்பல் வாதம்’ என்று பெயர். நோயாளி பிழைப்பது விதியானால் மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் பிழைப்பான், இறப்பது விதியானால் இரண்டிலும் இறப்பான், ஆகவே மருத்துவரை அழைப்பதில் பொருளில்லை என்பது அதன் வடிவம். எல்லாம் விதிப்படியே நடக்கிறது என்று தாமே கற்பித்த ஸ்டோயிக் நெறியின் பேராசிரியர் கிரிசிப்பஸ், கி.மு. 3ஆம் நூற்றாண்டில், இந்த வாதத்தை ஏற்க மறுத்தார். அவரது மறுப்பை ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ, ‘விதியைப் பற்றி’ என்ற கி.மு. 44ஆம் ஆண்டு நூலில் காத்துத் தந்திருக்கிறார். மைலோ என்ற மல்லன் ஒலிம்பியாவில் மல்யுத்தம் செய்வான் என்பது விதியாக இருந்தால், எதிராளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்வான் என்று சொல்ல முடியாது. எதிராளி இன்றி மல்யுத்தம் என்பதே இல்லை. அதுபோலச் சில விளைவுகள் தம் வழிமுறைகளோடு சேர்த்தே விதிக்கப்படுகின்றன என்றார் அவர். அவற்றை ‘உடன் விதிக்கப்பட்டவை’ என்று குறித்தார். ஊழுக்கு ஓர் அதிகாரத்தையும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரத்தையும் ஒரே நூலில் வைத்த திருக்குறளைப் படித்தவர்களுக்கு, விதியும் முயற்சியும் ஒரே கூரையின் கீழ் இருப்பது விந்தையாகத் தோன்றாது.

அரன் தீவு மீனவர் சோம்பல் வாதத்தில் விழுந்தவரா? அவரது அன்றாட வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. ஊழ்வாதத்தை உண்மையாகவே நம்பியவர் படகுக்குத் தார் பூசமாட்டார், வானத்தைப் பார்த்துப் புறப்பாட்டைத் தள்ளிப்போடமாட்டார், பாயின் கயிற்றைத் திருகிச் சோதிக்கமாட்டார். இவை அனைத்தையும் அவர் கண்ணும் கருத்துமாகச் செய்தார். மாலுமிகளோ, சில குழந்தைகள் பிறக்கும்போது தலையைப் போர்த்திவரும் பனிக்குடச் சவ்வு மூழ்காமல் காக்கும் என்று நம்பி, அதைக் காசு கொடுத்து வாங்கினார்கள். டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலின் தொடக்கத்திலேயே கதாநாயகனின் சவ்வு பதினைந்து கினி விலைக்கு விளம்பரம் செய்யப்படுகிறது. விதியை மாற்ற முடியாது என்று முடிவு கட்டியவர் தாயத்து வாங்குவதில்லை. எனவே இவர்களது ஊழ்வாதம் முழுமையானதன்று. பிற முயற்சிகள் எவற்றையும் கைவிடாமல், நீச்சல் ஒன்றை மட்டும் கைவிட்ட, பொறுக்கியெடுத்த ஊழ்வாதம் அது. ஆராய வேண்டியது அந்தப் பொறுக்கலைத்தான்.

அதற்கான திறவுகோல் அச்சம் என்ற சொல்லில் உள்ளது. 1898இல் முதன்முதலாக அரன் தீவுகளுக்குச் சென்று, அங்கே கண்டும் கேட்டும் அறிந்ததை 1907இல் நூலாக வெளியிட்ட ஜான் மில்லிங்டன் சிங் என்ற எழுத்தாளரிடம், கடலுக்கு அஞ்சாதவன் போகக் கூடாத நாளில் போய் விரைவில் மூழ்குவான், தாங்களோ அஞ்சுவதால் எப்போதாவதுதான் மூழ்குகிறார்கள் என்ற கருத்தைத் தீவினர் ஒருவர் கூறியிருக்கிறார். இந்தக் கூற்றில் அச்சம் குறைபாடாகப் பேசப்படவில்லை. படகைப் போல, துடுப்பைப் போல, பேணி வைக்க வேண்டிய ஒரு தொழிற்கருவியாகப் பேசப்படுகிறது. நீச்சலோ அந்தக் கருவியை முனை மழுங்கச் செய்யாமல் வராது. மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு ஏறத்தாழ இணையாக இருப்பதால், நுரையீரல் நிறைந்திருக்கும்போது உடல் மிதக்கும். அஞ்சி விறைத்து, கைகளை மேலே தூக்கி, மூச்சை வெளியே விட்டால் தாழும். மைக்கேல் போலானி என்ற தத்துவவாதி 1958இல் வெளிவந்த தமது நூலில் சுட்டியதுபோல, நீந்துபவர் நுரையீரலை முழுதும் காலியாக்காமல் மூச்சை ஆள்வதால்தான் மிதக்கிறார், ஆனால் தாம் அப்படிச் செய்வதை அவரே பொதுவாக அறிவதில்லை. சொல்லிக் கொடுத்து வராத இத்தகைய அறிவு, நீரிடம் உடலை ஒப்புக்கொடுக்கும் விளையாட்டில்தான் வரும். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய முதியவர், மருதமரக் கிளையேறி மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக்காட்டிய தம் இளமையை நினைத்து இரங்குவது, அப்படிப்பட்ட விளையாட்டு வாய்த்த வெதுவெதுப்பான ஆற்றின் நினைவு. குளிர்ந்த பெருங்கடலின் ஓரத்தில் பிள்ளைக்கு முதலில் கற்பிக்கப்பட்டது நீரை நம்பாதே என்பதே; அந்தப் பாடத்தை நன்றாகக் கற்ற பிள்ளையால் நீரிடம் உடலை ஒப்புக்கொடுக்கக் கற்க இயலாது.

நீந்தாமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தார் பூசுவது படகு நிலைக்கும் என்ற எண்ணத்தின் செயல். நீந்தப் பழகுவதோ படகு தோற்றுப்போன நேரத்தை முன்கூட்டியே மனத்தில் நடத்திப் பார்ப்பது. தீயதைச் சொன்னால் அது வந்துசேரும் என்று கருதிக் கடலில் சில சொற்களையே விலக்கி வைத்த மனிதர்கள், அந்த ஒத்திகையைத் தீநிமித்தமாகக் கண்டதில் வியப்பில்லை. மேலும், படகில் ஒருவர் மற்றவரோடு சேர்ந்து துடுப்புப் போடுகிறார். நீரில் அவர் தனியர். பாதுகாப்பு என்பதைக் கூட்டத்திலும் கலத்திலும் வைத்துப் பழகிய மனம், தனியுடலின் திறமையில் அதைத் தேடாது.

சமயம் எப்போதும் நீரிலிருந்து மனிதரை விலக்கியே வைத்தது என்று இதனால் முடிவு செய்வது தவறாகும். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில், சுறாக்களை மந்திரத்தால் கட்டுபவர் எனக் கருதப்பட்ட ‘கடல்கட்டி’ இல்லாமல் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்தனர் என்பதை 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய எமர்சன் டென்னன்ட் பதிவு செய்திருக்கிறார். அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கும் முன்பே மார்க்கோ போலோ, மீன்களைக் கட்டும் மந்திரக்காரருக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதைக் குறித்துள்ளார். அங்கே பிழைப்பே நீருக்கு அடியில் இருந்தது. ஆதலால் சடங்கு இறங்குவதற்கான அனுமதியாக அமைந்தது. யூதரின் சட்ட விவாதத் தொகுப்பான தால்முது, மகனுக்கு வேதமும் தொழிலும் கற்பிப்பது தந்தையின் கடமை என்று கூறுமிடத்தில், நீந்தக் கற்பிப்பதும் கடமை என்பாரும் உளர் எனச் சேர்த்து, அது அவனது உயிரைப் பற்றியது என்று காரணமும் தருகிறது. நீந்தாமை பெரும்பாலும் ஒருவர் தாமே எடுத்த முடிவன்று, ஐந்து வயதில் அவருக்காகப் பிறர் எடுத்த முடிவு என்பதை உணர்ந்த வாக்கியம் இது. தந்தை அஞ்சினால் மகன் கற்பதில்லை. வீட்டில் யாரும் கற்காத இடத்தில், கற்கவில்லை என்பதே ஒரு குறையாகத் தெரிவதில்லை.

விதிக்கும் நீச்சலுக்கும் இடையிலான சிக்கலை மிக நுட்பமாகக் காட்டும் சமய நூற்பகுதி, விவிலியத்தில் அப்போஸ்தலர் பணிகளின் 27ஆம் அதிகாரம் எனத் துணிந்து கூறலாம். கைதியாக ரோமுக்குக் கொண்டு செல்லப்படும் பவுல், புயலில் சிக்கிய கப்பலில் இருக்கும் 276 பேரில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று வானதூதர் தமக்கு உரைத்ததை அறிவிக்கிறார். வாக்கு நிபந்தனையின்றிச் சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் மாலுமிகள் சிறுபடகை இறக்கித் தப்ப முயலும்போது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்று அதே பவுல் படைவீரரிடம் சொல்லுகிறார். கிரிசிப்பஸ் வாதத்தால் நிறுவியதை இந்தக் கதை நிகழ்ச்சியால் காட்டுகிறது. இறுதியில் கப்பல் மால்டா தீவின் கரையருகே தரைதட்டி உடையும்போது, நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதிக்கவும், மற்றவர்கள் பலகைகளையும் கப்பலின் உடைந்த துண்டுகளையும் பற்றிக்கொண்டு கரைசேரவும் நூற்றுவர் தலைவர் ஆணையிடுகிறார். நீந்தியவரும் நீந்தாதவரும் ஒருங்கே பிழைக்கிறார்கள். நீந்தத் தெரியாதவரின் குறை அங்கே பழிக்கப்படவில்லை, பலகையால் நிரப்பப்படுகிறது.

இதற்கு நேர் எதிரான காட்சி, அரன் வாழ்க்கையிலிருந்து சிங் உருவாக்கி 1904இல் மேடையேறிய ‘கடலுக்குச் செல்வோர்’ நாடகத்தில் உள்ளது. கணவனையும் மாமனாரையும் மகன்களையும் கடலுக்குக் கொடுத்த மோர்யா என்ற முதியவளுக்கு, ஒரு மகனையாவது கடவுள் விட்டுவைப்பார் என்று இளம் பாதிரியார் உறுதி கூறியிருக்கிறார். கடைசி மகனும் இறக்கிறான். பாதிரியாரின் உறுதிமொழியில் பலகை இல்லை, மாலுமி இல்லை. அது வழிமுறையிலிருந்து கழன்ற வாக்கு. இனிக் கடல் தன்னிடமிருந்து எடுக்க ஒன்றுமில்லை என்ற நிலையில் அவளுக்கு வாய்க்கும் அமைதியை ஊழ்வாதம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கடல் உரியதை எடுத்துக்கொண்டது என்ற சொல், இறந்தவனை ஏன் நீந்தப் பழக்கவில்லை, அன்று ஏன் போகவிட்டோம் என்று உயிரோடிருப்பவர்கள் ஒருவரையொருவர் குற்றம் சாட்டும் வழியையும் அடைக்கிறது. சாவுக்கு முன் அந்தச் சொல் செய்யும் தீங்கும், சாவுக்குப் பின் அது செய்யும் உதவியும் ஒரே சொல்லில் கலந்திருக்கின்றன. ஒன்றை விலக்கி மற்றொன்றை வைத்துக்கொள்ள அந்தச் சமூகங்களுக்கு நெடுங்காலம் ஆயிற்று.

அந்த விலக்கலைத் தத்துவம் செய்யவில்லை, மீட்புப் பணியே செய்தது. மூழ்கியவர்களை மீட்பதற்கென்றே ஒரு சங்கம் 1767இல் ஆம்ஸ்டர்டாமில் தோன்றியது. 1824இல் பிரிட்டனில் உயிர்காக்கும் படகுகளுக்கான அமைப்பு நிறுவப்பட்டது. அதன் படகுகளில் துடுப்புப் பிடித்தவர்களில் மிகப் பலர் கரையோர மீனவர்களே. 1861 பிப்ரவரியில் இங்கிலாந்தின் விட்பி துறையில் புயலினூடே பலமுறை சென்று உடைந்த கப்பல்களிலிருந்து ஆட்களை மீட்டுவந்த படகு, மீண்டும் சென்றபோது கரையருகிலேயே கவிழ்ந்து, 13 பேரில் 12 பேர் இறந்தனர். பிழைத்த ஒருவரான ஹென்றி ஃப்ரீமன், அப்போது புதிதாக வந்திருந்த தக்கை அங்கியை அணிந்திருந்தார்.