மருந்தும் உறையுளும்

தானம் நான்கு என்பதை நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் அறிவர். உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என எண்ணிச் சொல்வது வழக்கு. ஆனால் ஆசாரியர் சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்வெண்ணிக்கை சற்று வேறாக அமைந்துள்ளது. அங்கே உணவு, மருந்து, உபகரணம், உறையுள் ஆகிய நான்கு கூறப்படுகின்றன. அந்நூலை அடியொற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இந்நான்கையே சொல்கிறது. மருந்து வைத்த வரிசையிலேயே உறையுளையும் வைத்தது ஏன் என்று நாம் நின்று எண்ணியதுண்டா?

இது துறவியரைக் கருதிச் சொல்லப்பட்டது, ஐயமில்லை. திருப்பூரைக் கடந்து கிழக்கே ஓடும் நொய்யல், காவிரியோடு கலக்கும் பகுதியை அடுத்துப் புகழூர் ஆறுநாட்டார் மலை உள்ளது. சேரர் குடியில் இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்றபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் அமண முனிவருக்கு உறையுள் அமைத்துத் தந்த செய்தியை அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உரைக்கிறது. இத்தகைய குகைத்தளங்களில் மழைநீர் உட்புகாவண்ணம் பாறை முகப்பில் விளிம்பு வெட்டியிருப்பதைக் காணலாம். அனைத்தையும் துறந்தவருக்கும் நனையாத படுக்கை வேண்டும் என்று அக்கால இல்லறத்தார் உணர்ந்திருந்தனர். மழைக்காலத்தில் நான்கு திங்கள் ஓரிடத்தே தங்குதல் முனிவர்க்கே விதியாயிற்று. துறவாதவர்க்கு அது எத்துணை இன்றியமையாதது!

அதே நொய்யற்கரையில் இன்றைய திருப்பூரை நோக்குவோம். பின்னலாடைத் தொழிலை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்தும் வந்தோர் பலர், 'லைன் வீடு' எனப்படும் ஓரறைக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். பகல் ஷிப்டுக்காரர் எழுந்து சென்ற பாயில் இரவு ஷிப்டுக்காரர் வந்து படுப்பதும் உண்டு. காற்றோட்டமற்ற, நெரிசல் மிகுந்த அறையில் காசநோய் எளிதில் தொற்றும். அதற்குரிய மருந்து அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கிறது. பெரும்பாலோர் அதனை ஆறு திங்கள் இடைவிடாது உண்ண வேண்டும். நடுவில் விட்டுவிட்டால் மருந்துக்கு அடங்காத நோயாக மாறக்கூடும். பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் வேலை போகிறது. வேலை போனால் அறை போகிறது. பின்னர்ச் சிகிச்சை அட்டை ஓரூரிலும் நோயாளி வேறோரூரிலுமாக ஆகிவிடுகிறது. மருந்துக்குக் குறைவில்லை. அது சென்று சேர ஒரு வாசற்படிதான் இல்லை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகள் வீடு தேடி வருகின்றன. போற்றத்தக்க ஏற்பாடு. ஆயினும் அடிக்கடி வீடு மாறுபவரை எந்த வாசலில் தேடுவது? முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்ப அட்டை கேட்கப்படுகிறது. குடும்ப அட்டைக்கு முகவரி கேட்கப்படுகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வீட்டிலேயே இருக்கும்படி அனைவர்க்கும் ஆணை பிறந்தது. வாடகைக்கு வழியின்றித் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக ஊர் திரும்பியதை நாடே கண்டது.

நோய் என்பது அசாதா வேதனீய கர்மத்தின் உதயம். வீடு என்ன செய்யும் என்று கேட்பாரும் நம்மிடையே உளர். உதயத்துக்கும் நிமித்தம் உண்டென்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஈரச் சுவரும் புழுக்கமும் நிமித்தங்களே. மேலும், பிறர்க்குத் துன்பம் விளைத்தல் அசாதா வேதனீயத்தையும், உயிர்கள்பால் இரக்கமும் தானமும் சாதா வேதனீயத்தையும் வருவிக்கும் என்பது தத்துவார்த்த சூத்திரம். பிறர் கர்மத்தைக் கணக்கிடுமுன் நாம் எதைக் கட்டிக்கொள்கிறோம் என்று பார்ப்பது நன்று.

அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களுள் அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றுதலும் ஒன்று. அதனை வண்டிமாட்டுக்கு மட்டும் உரியதாகவே கேட்டுப் பழகிவிட்டோம். நால்வர்க்குரிய அறையில் பன்னிருவரை அடைத்து, ஆளுக்கு இவ்வளவு என வாடகை பெறுதல் அதனுள் அடங்காதா? அடங்கும் என்பதே நம் துணிபு.

இதனினும் கடினமான வினா ஒன்றுண்டு. குடியிருப்பவர்க்குக் காசநோய் எனத் தெரிந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாமா? அடுத்த அறையில் குழந்தைகள் இருக்கும்போது அவர் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்தை நாம் எள்ளவில்லை. ஆனால் உரிய மருந்தை ஒழுங்காக உண்பவரிடமிருந்து நோய் பரவுவது சில வாரங்களிலேயே பெரிதும் குறைந்துவிடுகிறது. வெளியேற்றப்பட்டவரோ மருந்தை விடுவார். இதைவிட நெரிசலான வேறோர் அறைக்குச் செல்வார். நம் குழந்தைகளைக் காக்க எண்ணி வேறு யாருடைய குழந்தைகளிடமோ நோயை அனுப்புகிறோம். அவரை இருக்கவிட்டு, சன்னலைத் திறந்து, மற்றவரைப் பரிசோதனைக்கு அனுப்புவதே அகிம்சையோடு பொருந்தும்.

மகாவீரர் ஜயந்தியை ஒட்டி மருத்துவ முகாம் நடத்தும் சங்கங்கள் பல. அச்செலவில் ஒரு பகுதியை, சிகிச்சை பெறும் தொழிலாளி ஒருவரின் ஆறு திங்கள் வாடகைக்கு ஒதுக்கலாம். ஔடத தானத்தில் எழுதுவதா, உறையுள் தானத்தில் எழுதுவதா என்று கணக்கர் சற்றுத் திகைக்கக்கூடும், அவ்வளவே. வீடு வாடகைக்கு விடுவோர் செய்யக்கூடியது இன்னும் எளிது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் கூறுகிறது. வாய்ச்சொல்லில் விட்ட அறைக்கு அவ்வாறு எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால், குடும்ப அட்டை கேட்டு விண்ணப்பிக்கக் குடியிருப்பவரிடம் ஒரு முகவரிச் சான்று இருக்கும்.