வைராக்கியம் என்றால் பிடிவாதமா?

‘அண்ணன் வீட்டு வாசப்படியை மிதிச்சு ஆறு வருஷமாச்சு. வைராக்கியமா இருக்கேனாக்கும்!’ - இப்படிப் பெருமையோடு சொல்பவர்கள் நம் சொந்தபந்தத்திலேயே உண்டு. ‘பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. எனக்கெல்லாம் எங்கே வைராக்கியம் வரப்போகிறது?’ என்று ஏங்குகிற சகோதரிகளும் உண்டு.

உண்மையில், வைராக்கியம் என்றால் என்ன?

‘ராகம்’ என்ற வடசொல்லுக்கு நிறம், சாயம் என்று பொருள்; பற்று என்றும் பொருள். துணியில் சாயம் ஏறுவதுபோல் மனதில் ஆசை ஏறிவிடுகிறது. அந்தச் சாயம் நீங்கிய நிலையே விராகம். அதிலிருந்து பிறந்தது வைராக்கியம். தீராப் பகையைக் குறிக்கும் ‘வைரம்’ என்ற சொல்லோடு ஓசை ஒத்துப்போனதாலோ என்னவோ, நம் பேச்சில் அது பிடிவாதமாகிவிட்டது. யோசித்துப் பாருங்கள்... பகையும் ஒரு சாயம்தானே? அதுவும் லேசில் வெளுக்காத சாயம்!

மனம் அடங்க, பயிற்சியும் வைராக்கியமும் வேண்டும் என்கிறது பதஞ்சலியின் யோக சூத்திரம். கீதையின் 6-ம் அத்தியாயத்தில் அர்ஜுனனுக்குக் கண்ணன் சொல்வதும் இந்த இரண்டைத்தான். பயிற்சி இல்லாவிட்டால் அது பிரசவ வைராக்கியம்தான். குழந்தை சிரித்ததும் மறந்துபோகும்! கண்ணால் கண்ட பொருளில் மட்டுமல்ல, சாஸ்திரங்களில் கேள்விப்பட்ட சொர்க்க சுகத்திலும் தாகம் இல்லாதிருப்பதே வைராக்கியம் என்கிறார் பதஞ்சலி. ‘இத்தனை வாரம் விளக்கேற்றினால் இன்னது கிடைக்கும்’ என்று நாம் கணக்கு வைக்கிறோமே, அதையும் சேர்த்துத்தான்!

சரி, ஆசையை விடலாம். பெற்றவர்களை, பிள்ளைகளை விட முடியுமா? இதற்கு விடை திருவண்ணாமலையில் இருக்கிறது.

1896 செப்டம்பர் 1-ம் தேதி, 16 வயதில் அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தவர் ரமண மகரிஷி. 1898-ல் தாயார் அழகம்மை தேடி வந்து, பவழக்குன்றில் இருந்த மகனிடம் வீட்டுக்கு வரும்படி நாள்கணக்கில் அழுது மன்றாடினார். மகன் வாய் திறக்கவில்லை. ‘நடப்பது நடந்தே தீரும், மௌனமாக இருப்பதே நல்லது’ என்ற பொருளில் எழுதிக் காட்டினார், அவ்வளவுதான். தாய் திரும்பிப் போனார். இதைப் படிக்கும் எந்த அம்மாவுக்கும் வயிறு கலங்கும். இதுதான் வைராக்கியம் என்றால், கல்நெஞ்சம் என்பது எது?

ஆனால், கதை அங்கே முடியவில்லை. 1914-ல் மகனைப் பார்க்க வந்த இடத்தில் அந்தத் தாய் கடும் ஜுரத்தில் விழுந்தார். பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்தார் ரமணர். தாயைக் காக்கும்படி அருணாசலேஸ்வரரை வேண்டிப் பாடல்களும் இயற்றினார். தனக்கென எதுவும் கேட்காதவர் அம்மாவுக்காகக் கேட்டார்!

1916-ல் மகனோடேயே தங்க வந்துவிட்டார் அழகம்மை. பிறகு ஸ்கந்தாசிரமத்தில் அவர் கையால் அடுப்பு எரிந்தது. வெங்காயத்தைத் தொடாத அம்மாவின் ஆசாரத்தைக் கேலி செய்வாராம் மகன். அம்மா அப்பளம் இட்டபோது, அந்த வேலையையே வேதாந்தமாக்கி ‘அப்பளப் பாட்டு’ எழுதிக் கொடுத்தார்.

1922 மே 19 அன்று அந்தத் தாயின் கடைசி நாள். காலையிலிருந்து இரவு வரை, ஏறத்தாழ 12 மணி நேரம், ஒரு கையைத் தாயின் தலையிலும் மறு கையை மார்பிலும் வைத்தபடி அமர்ந்திருந்தார் ரமணர். உயிர் அடங்கியதும் அவர் அழவில்லை. ‘தீட்டில்லை, சாப்பிடலாம்’ என்று எழுந்தார். அன்று பவழக்குன்றில் அம்மாவை வெறுத்து அவர் ஒதுக்கவுமில்லை. இன்று ‘என் அம்மா’ என்று பிடித்துக்கொள்ளவுமில்லை. பணிவிடை முழுசாக இருந்தது, சாயம்தான் இல்லை.

மலையடிவாரத்தில் தாயைச் சமாதி வைத்த இடத்துக்குத் தினமும் இறங்கி வந்தவர், அந்த வருடக் கடைசியில் அங்கேயே தங்கிவிட்டார். அதைச் சுற்றி எழுந்ததுதான் இன்றைய ரமணாசிரமம். சமாதி மேல் எழுந்த கோயிலுக்கு 1949 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. சுவாமியின் திருநாமம் மாத்ருபூதேஸ்வரர். திருச்சி மலைக்கோட்டை தாயுமானவருக்கும் வடமொழியில் இதே பெயர்தான்.