படத்தைக் காப்பவர் யார்?

பிலிம் சுருளில் படம் பிடிக்கும் வழக்கம் ஒழிந்துவிடும் என்றே பலரும் எண்ணினர். டிஜிட்டல் கமெராவின் முதல் மாதிரியை 1975இல் உருவாக்கிய கொடாக் நிறுவனமே, 2012இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றபோது அவ்வெண்ணம் உறுதிப்பட்டது. ஆயினும் பிலிம் அழியவில்லை. கைபேசியில் ஆயிரம் படம் எடுக்க வாய்ப்புள்ள இளைஞர், முப்பத்தாறு படத்துக்கே இடந்தரும் சுருளை விலை கொடுத்து வாங்குகின்றனர். இக்கவர்ச்சிக்குக் காரணம் யாது? பழைமை மோகம் மட்டுந்தானா? மனித வாழ்வின் மெய்யான தேவை ஏதேனும் அதனுள் அடங்கியுள்ளதா?

மோகத்தின் பங்கை முதலில் ஒப்புக்கொள்வோம். பண்டங்கள் மலிந்த சமுதாயத்தில் அருமையும் ஒரு பண்டமாகின்றது. சுருளின் விலையும், அதைக் கழுவி அச்சிடும் செலவும் நாட்கூலி உழைப்பாளிக்கு எளிதில் எட்டுவன அல்ல. பழைய கமெராவைத் தோளில் மாட்டித் திரிவது சிலருக்கு வசதியின் விளம்பரமே.

எனினும் பிரச்சினை அத்துடன் முடிவதில்லை. இயந்திரத்தாற் பிரதி செய்யப்படும் கலையைப் பற்றி 1936இல் எழுதிய மார்க்சியச் சிந்தனையாளர் வால்ட்டர் பெஞ்சமின், கலைப்பொருளைச் சூழ்ந்திருந்த புனித ஒளிவட்டம் புகைப்படத்தின் வருகையால் மங்குகின்றது என்றார். அதனை அவர் வரவேற்கவுஞ் செய்தார். ஆனால் அவரும் ஒரு விலக்கைக் கண்டார். பிரிந்தவர், இறந்தவர் முகங்களைத் தாங்கிய பழைய படங்களில் அவ்வொளிவட்டம் கடைசியாகத் தங்கியிருந்தது என்பது அவர் கருத்து.

அவ்விலக்கின் பொருளை மட்டக்களப்பில் வாழ்வோர் நூலைப் புரட்டி அறிய வேண்டியதில்லை. 1990 செப்டெம்பர் 5ஆம் நாள், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தோருள் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டு செல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. அதே ஆண்டு ஜூலையில் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் வழிமறிக்கப்பட்ட முஸ்லிம் பயணிகளும் வீடு சேரவில்லை. வாவியின் இருமருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், இத்தகைய இழப்பைச் சுமந்த வீடுகள் உள்ளன. ஆணைக்குழுக்களின் முன்னும் ஆர்ப்பாட்டங்களிலும் தாய்மார் ஏந்தி நிற்பவை பெரும்பாலும் பிலிமிற் பிறந்த படங்களே. அடையாள அட்டைக்கென ஸ்ரூடியோவில் எடுத்த சிறு கறுப்பு வெள்ளைப் படம், திருமணக் கூட்டத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்த முகம் ஆகியனவே அவர்கள் கையில் எஞ்சியவை.

அப்படத்தின் வலிமை எங்கிருந்து வருகின்றது? அம்முகத்திற் பட்டுத் திரும்பிய ஒளியே பிலிமின் வெள்ளியுப்பின் மீது விழுந்து தடம் பதித்தது. அந்த நெகட்டிவ் அம்மனிதன் முன்னிலையில் இருந்த பொருள். அப்படியொருவரைத் தெரியாது என அதிகாரம் கைவிரிக்கும்போது, அவன் இருந்தான் என்பதற்கு அது சான்று கூறுகின்றது. எண்களைக் கோத்து இல்லாத முகங்களையும் கணினி வரைந்து தரும் இக்காலத்தில், இத்தகைய தடத்தின்மீது மனிதர் ஏக்கம் கொள்வதில் வியப்பில்லை.

அதனால் பிலிம் பொய் சொல்லாது என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. மொஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்கு அருகில் நின்ற யெஷோவ், 1940இல் கொல்லப்பட்ட பின்னர் படத்திலிருந்தும் அகற்றப்பட்டார். அவர் நின்ற இடத்தில் நீர் தீட்டப்பட்டது. அக்கொடுமை பொதுவுடைமையின் பெயரால் நடந்தது என்பதற்காக நாம் அதனை மூடிமறைத்தல் தகாது. பழைய பிரதியைக் காத்து வைத்தோர் இருந்தமையாற்றான் அம்மோசடி இன்று உலகறிந்ததாயிற்று.

பிலிம் அழியாப் பொருளுமன்று. வாவிக்கரையின் ஈரக்காற்று அதன் ஜெலட்டின் படலத்திற் பூஞ்சணம் பூக்கச் செய்யும். 2004 டிசெம்பர் 26இல் கடல் நாவலடியையும் கல்லடிக் கரையையும் சூறையாடியபோது, ஒரே பிரதியாக இருந்த குடும்பப் படங்களும் வீடுகளோடு சென்றன. வேறிடத்தில் ஒரு டிஜிட்டல் பிரதி இருந்திருப்பின் அவை தப்பியிருக்கும். ஆகவே புதிய கருவியைப் பழிப்பது அறிவுடைமை ஆகாது.

உண்மையும் நினைவும் கருவியில் உறைவன அல்ல. காப்போரின் பொறுப்பில் உறைவன. பிலிம் அப்பொறுப்பை நம்மீது சுமத்தியது. எண்ணி எடுத்தோம், கழுவினோம், அச்சிட்டுப் பின்புறம் பெயரெழுதிப் பெட்டியில் வைத்தோம். இன்று படம் பெருகியது, பொறுப்புக் குறைந்தது. ஆயிரம் படங்களை வைத்திருப்பவன் அவற்றுள் ஒன்றையேனும் காப்பதில்லை. நாம் ஏங்குவது வெள்ளியுப்பிற்காக என்று தோன்றினும், உண்மையில் இழந்துவிட்ட அக்கறைக்காகவே ஏங்குகின்றோம்.

அவ்வாறாயின் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் வேலை உண்டு. ஊரிலுள்ள பழைய படங்களையும் நெகட்டிவ்களையும் உரியோர் சம்மதத்துடன் பிரதியெடுத்து, பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதி, பல இடங்களில் வைத்தல் வேண்டும். தமிழர் வீடு, முஸ்லிம் வீடு என்ற பேதம் இதில் ஆகாது. பெயர் சொல்லத் தெரிந்த தாய்மார் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டெழுதுதல் வேண்டும்.