பார்த்து எழுதும் கை



சென்ற மாதம் ஒரு தாயார் தம் மகனுடைய ஞானஸ்நானச் சான்றிதழோடு என்னிடம் வந்தார். அதில் பிறந்த வருஷம் தவறாயிருந்தது. பதிவேட்டைப் புரட்டினேன்; அங்கே சரியாகவே இருக்கிறது. பார்த்து எழுதின என் கைதான் தவறியது. அதற்குள் பள்ளிக்கூடத்திலும் வேறு இரண்டு இடங்களிலும் அந்தத் தவறே ஏறிவிட்டது. "எழுதினவுடனே ஒருதரம் ஒத்துப் பார்த்திருக்கலாமே, சாமி" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஒத்துப் பார்க்கும் அந்த வேலையை நம் சரீரம் ஓயாமல் செய்கிறது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன், தன்னிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுத்தாக வேண்டும். அது இரட்டைப் புரிக் கயிறு போன்றது. அதில் ஏ, டி, ஜி, சி என நான்கே எழுத்துக்கள். ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. மனிதனுடைய உயிரணு ஒன்றில் ஏறக்குறைய 600 கோடி ஜோடிகள் உண்டு. ஹெலிகேஸ் என்ற நொதி புரிகளைப் பிரிக்கிறது. பாலிமரேஸ் என்ற நொதி பழைய புரியைப் பார்த்துப் புதியதைக் கோக்கிறது. ஒரு பக்கம் துண்டு துண்டாகவே எழுதப்படுவதால், அவற்றை லைகேஸ் இணைக்கிறது.

பாலிமரேஸும் ஏறக்குறைய லட்சம் எழுத்துக்கு ஒன்று தவறும். ஆனால் தவறின எழுத்து ஜோடியோடு பொருந்தாது. உடனே அது நின்று, பின்வாங்கி, தப்பெழுத்தை வெட்டியெறிந்து, சரியானதை வைக்கிறது. அதற்கும் தப்பினதைப் பிடிக்க வேறு நொதிகள் பின்னாலே வருகின்றன. முடிவில் நிற்பது ஏறக்குறைய 100 கோடி எழுத்துக்கு ஒரே தவறு.

பின்னால் வருகிற நொதிகளுக்கு மூலம் எது, நகல் எது என்று எப்படித் தெரியும்? இதைப் பாக்டீரியாவில் ஆராய்ந்து விளக்கியவர்களில் ஒருவர் பால் மோட்ரிச். 2015-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அங்கே பழைய புரியில் மெத்தில் என்னும் சிறு அடையாளங்கள் இருக்கும். புதிய புரியில் சற்று நேரம் அவை இரா. அந்தச் சற்று நேரத்துக்குள் திருத்த வேண்டும். திருத்தாமல் அடுத்த நகலும் எடுக்கப்பட்டால், தவறு தனக்கேற்ற ஜோடியைத் தேடிக்கொள்ளும். பிறகு பொருந்தாமை என்பதே தெரியாது, தவறே மூலமாகிவிடும்.

பெற்றோர்களே, வீட்டில் மூலம் நீங்கள்; பார்த்து எழுதுகிறவர்கள் உங்கள் பிள்ளைகள். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும்போது, "அப்பா இல்லை என்று சொல்" என்று பிள்ளையை அனுப்பினதுண்டா? அன்றிரவே அவனைக் கூப்பிட்டு, "நான் சொல்லச் சொன்னது பொய், குற்றம் என்னுடையது" என்று சொல்லுங்கள். பொய்யென்று அவன் மனதில் இன்னும் உறுத்தும் நேரம் அது. பத்து வருஷம் கழிந்தால் உறுத்தாது. "எங்கள் வீட்டு வழக்கம்" என்பான், தன் பிள்ளைக்கும் கொடுப்பான்.

இரவு ஜெபத்தில் ஆத்தும சோதனை செய்யச் சொல்வது இதற்காகவே. சர்வேசுரன் முன்னிலையில் அன்றைய பக்கத்தை அன்றே ஒத்துப் பாருங்கள்.

சான்றிதழைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். மற்ற மூன்று இடங்களுக்கும் அந்தத் தாயாரோடு நானே நடக்க வேண்டியிருக்கிறது. அன்றே பார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை.