குறை கூறுவதும் உழைப்பே

ஒரு பொருளைச் செய்தவனுக்கும் அதனைப் பயன்படுத்துபவனுக்கும் இடையிலான உறவு யாது? ஒருவன் தருபவன், மற்றவன் பெறுபவன் என்ற அளவில் அது முடிந்துவிடுகின்றதா? விலை கொடுத்தவன் குறை கூறலாம்; இலவசமாகப் பெற்றவன் வாய்மூடி இருத்தல் வேண்டும் என்பது சந்தையின் நியாயம். இந்நியாயம் பிழையானது என்பதற்குப் பழைய கணினிகளைப் பேணுவோரின் அனுபவம் தக்க சான்றாகும்.

அப்பிள் 2 கணினிக்குரிய நெகிழ்வட்டு இயக்கி 1978ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1980 முதல் வழங்கிய முறைப்படி, அவ்வட்டின் ஒரு பக்கத்தில் 35 தடங்கள். தடமொன்றுக்கு 16 கூறுகள். கூறொன்றுக்கு 256 பைற்றுகள். ஆக மொத்தம் 143,360 பைற்றுகள். இன்றைய புகைப்படம் ஒன்றுக்குக் கூடப் போதாத இச்சிற்றிடத்தில் ஒரு தலைமுறையின் எழுத்துகளும் பாடங்களும் விளையாட்டுகளும் அடங்கிக் கிடக்கின்றன. வட்டின் காந்தப் பூச்சோ காலத்தால் அழிகின்றது. ஆகவே, வட்டில் உள்ளவற்றை ஒரே கோப்பாகப் படியெடுத்துக் காக்கும் மென்பொருள்கள் தோன்றின. அப்படியினை வட்டுப் படிமம் என்பர்.

படிமம் மூலத்துக்கு உண்மையாக உள்ளதா என்பதை யார் அறிவார்? பழைய படிம வடிவங்கள் பல, கூறுகளின் உள்ளடக்கத்தை மட்டுமே பேணின. ஆனால் படியெடுத்தலைத் தடுக்க விரும்பிய கொம்பனிகள், வழமையான ஒழுங்கை மீறித் தம் வட்டுகளை எழுதியிருந்தன. அத்தகைய வட்டின் படிமம் இயங்க மறுக்கும். அல்லது பாதிவழியில் நின்றுவிடும். எல்லா வட்டுகளையும் எல்லா இயந்திரங்களையும் தன் அறையில் வைத்துச் சோதிக்க எந்த மென்பொருளாளனாலும் இயலாது. எங்கோ ஒரு மூலையில் பழைய இயந்திரத்தைக் காத்துவரும் ஒருவன், "இன்ன வட்டு, இன்ன தடம், இவ்விடத்தில் நின்றது" என்று எழுதும்போதே உண்மை வெளிப்படுகின்றது. அவன் செய்வது முறைப்பாடன்று, உழைப்பு.

இங்கே ஓர் அறப் பிரச்சினையும் உண்டு. வாசிக்க முடியாத ஒரு கூறினை எதிர்ப்படும் மென்பொருள், அவ்விடத்தைப் பூச்சியங்களால் நிரப்பிவிட்டு "வேலை முடிந்தது" எனலாம். அல்லது "இவ்விடம் வாசிக்கப்படவில்லை" என ஒப்புக்கொள்ளலாம். முன்னது இனிமையான பொய். அப்பொய் வெளிப்படும் நாளில் மூல வட்டு அழிந்து போயிருக்கும். எனவே, "வாசிக்காத கூறுகளை எனக்குக் காட்டு" என்று இன்று வற்புறுத்துபவன், இன்னும் பிறவாத வாசகனுக்காகவும் பேசுகின்றான்.

"பசியும் வேலையின்மையும் நிறைந்த உலகில் பழைய வட்டுகள் எதற்கு?" என நண்பர்கள் வினவலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் கலைஞர் அன்டி வார்ஹோல் 1985இல் அமீகா கணினியில் வரைந்த படங்கள், பிட்ஸ்பேர்க் நூதனசாலையில் வட்டுகளுக்குள் உறங்கிக் கிடந்து, கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தினரின் முயற்சியாலேயே 2014இல் உலகறிய வெளிவந்தன. புகழ்பெற்றவன் ஆக்கத்துக்கே இக்கதியெனில், பெயரறியா ஆசிரியனும் மாணவனும் எழுதியவற்றின் கதி என்ன? விற்று முடிந்த பொருளைச் சந்தை மறந்துவிடும். உழைப்பின் வரலாற்றை மறக்க நமக்கு உரிமை இல்லை.

இவ்வுறவு இரு தரப்புக்கும் கடமைகளை விதிக்கின்றது. "இது பயனற்றது" என்று வசைபாடுதல் விமர்சனமாகாது. பிழை நிகழ்ந்த இடத்தையும் சூழலையும் துல்லியமாகக் கூறுவதே விமர்சனம். செய்தவனும் அதனைச் செவிமடுத்துத் திருத்துவதோடு, பலர் கூடித் திருத்தியதைத் தனியுடைமையாக்கிப் பூட்டிவிடாதிருத்தல் வேண்டும். நெகிழ்வட்டுகளை வாசிக்கும் கிறீஸ்வீசில் என்னும் கருவியின் மென்பொருள், உரிமை எதுவும் கோரப்படாது பொதுமக்களுக்கே வழங்கப்பட்டுள்ளது. இதுவே நேரிய வழி என்பது நமது துணிபு.

படைப்பு ஒருவனிடம் தொடங்கலாம். அது செம்மையுறுவது பலர் கைகளில். அப்பலரையும் படைப்பாளராக மதிக்கக் கற்ற சமுதாயமே தன் நினைவைக் காத்துக்கொள்ளும்.