குற்றாலநாதருக்குக் கஷாயம்... ஆச்சிக்கு ஓலை விசிறி!

குற்றாலத்தில் அர்த்தஜாம பூஜை நேரம். அருவிக்கரையில் கூட்டம் கரைந்து, கடைகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. அருவியின் இரைச்சல் மட்டும் கோயிலுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அப்போது குற்றாலநாதருக்கு ஒரு நைவேத்தியம் ஆகிறது. பொங்கலோ, வடையோ, பாயசமோ இல்லை. சுக்கு, மிளகு, கடுக்காய் சேர்த்துக் காய்ச்சிய கஷாயம்!

'குடுனி நைவேத்தியம்' என்று இதற்குப் பெயர். அருவிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறாரே சுவாமி, சாரலிலும் குளிரிலும் அவருக்கு ஜுரம் வந்துவிடக் கூடாதே என்ற அக்கறை!

இன்னொன்றும் உண்டு. கயிலையில் அம்மையப்பன் திருமணத்துக்கு உலகமே திரண்டபோது வடக்கு தாழ்ந்தது. அதைச் சமன் செய்யத் தெற்கே அனுப்பப்பட்டவர் அகத்தியர். அவர் குற்றாலத்துக்கு வந்து, நின்ற கோலத்தில் இருந்த திருமாலின் தலையில் கை வைத்து 'குறுகுக' என்று அழுத்த, திருமேனி சிவலிங்கமாகக் குறுகியது என்கிறது தலவரலாறு. முனிவரின் விரல் பட்ட தடம் இன்றும் லிங்கத்தின் மேல் இருப்பதாகச் சொல்வார்கள். அப்படி அழுத்தியதில் சுவாமிக்குத் தலைவலி வந்துவிட்டதாம். அது தீர, மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள்.

உலகத்தையே ஆட்டிவைப்பவருக்குத் தலைவலியா, ஜுரமா என்று கேட்கலாம். அவருக்கு வராது. ஆனால், நமக்கு இந்தப் பணிவிடை பழக வேண்டுமே! தலைக்குத் தைலம், ராத்திரிக்குக் கஷாயம்... இது யாருக்குச் செய்கிற உபசாரம்? வீட்டில் வயதான தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் செய்வது அல்லவா? அதையே கருவறைக்குள் வைத்து, நாள் தவறாமல் நமக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள் பெரியோர்.

இதை நினைக்க வைத்தது, தென்காசிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

கோயில் கட்டுரை ஒன்றுக்காகப் போயிருந்தபோது, தேவார வகுப்புப் பிள்ளைகள் அந்த இல்லத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கூடவே நானும் போனேன். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் தானே செய்த பரிசு. வாழ்த்து அட்டை, காகிதப் பூங்கொத்து, பாசி கோத்த மாலை... ஒரு சிறுமி பனையோலை விசிறி முடைந்து கொண்டுவந்திருந்தாள்.

பிள்ளைகளின் முகத்தில் பெருமை தாங்கவில்லை. ஆனால், கொடுக்கத் தொடங்கியதும்தான் சங்கடங்கள் தெரிந்தன. ஒரு பையன் பொடிப்பொடி எழுத்தில் வாழ்த்து எழுதியிருந்தான். கண்புரை விழுந்த தாத்தா அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "நல்லாருக்குய்யா" என்றார். நாங்கள் வாங்கிப் போயிருந்த மைசூர்பாகைப் பலரும் பெற்றுக்கொண்டு பக்கத்தில் வைத்துவிட்டார்கள். சர்க்கரை நோய்! இதை முன்கூட்டியே கேட்க வேண்டும் என்று பெரியவர்களான எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

விசிறியை வாங்கிய ஆச்சி மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓலைய நனைக்காம முடைஞ்சிருக்க தாயி. அதான் ஓரம் விரியுது" என்றார். சிறுமியின் முகம் வாடிவிட்டது. ஆச்சியோ, "தண்ணி கொண்டா" என்று கேட்டு வாங்கி, ஓரத்தைப் பிரித்து, நனைத்து, மறுபடி முடைய ஆரம்பித்தார். கை நடுங்கியது. ஆனால், ஒரு மடிப்புக்கூடத் தப்பவில்லை. சற்று நேரத்தில் ஆச்சியைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டம்! மிச்ச ஓலையில் ஒரு கிலுகிலுப்பையும் செய்து கொடுத்தார்.

கிளம்பும்போது அந்தச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆச்சி கேட்டார்: "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவியா தாயி?"

சிறுமி ஆசிரியையைப் பார்த்தாள். ஆசிரியை என்னைப் பார்த்தார். வேன் வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். பதில் சொல்லாமலே புறப்பட்டோம்.

அன்பர்களே! அந்தக் கேள்விக்குப் பதில் அந்த வட்டாரத்துத் திருத்தலங்களிலேயே இருக்கிறது.

முதலில் தென்காசி. காசிக்குப் போக ஆசைப்பட்டுக் கிளம்பும் தென்னாட்டு அடியார்கள் பலர், போய்ச் சேருமுன் வழியிலேயே உயிர் துறந்தார்களாம். பராக்கிரம பாண்டியனின் கனவில் தோன்றிய சிவபெருமான், அவர்களுக்காக இங்கேயே ஓர் ஆலயம் எழுப்பச் சொன்னார் என்பது வரலாறு. 1446ல் திருப்பணி தொடங்கியது. நடக்க முடியாதவன் காசிக்கு வர வேண்டாம், காசியே அவனிடம் வரட்டும் என்று இறங்கி வந்த கருணைதான் தென்காசி!

படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு இன்று ரத வீதிகூடக் காசி தூரம்தான். 'பிரதோஷம் என்னைக்குன்னு கேட்டாக்கூட சொல்ல ஆளில்ல' என்று அன்று ஒரு பாட்டி குறைப்பட்டார். பிள்ளைகள் பெரிய பெரிய எழுத்தில், கையாலேயே ஒரு மாதக் காலண்டர் எழுதித் தரலாமே! பிரதோஷம், சஷ்டி, ஏகாதசி, பௌர்ணமியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, படுத்திருப்பவர் கண்ணுக்கு நேரே மாட்டிவிடலாம். பெரியவர்கள் திரித்துத் தரும் பஞ்சுத் திரியைக் கோயிலில் சேர்த்து, அங்கிருந்து திருநீறும் குங்குமமும் கொண்டுவந்து கொடுக்கலாம். அவர்கள் போக முடியாத கோயிலுக்கு அவர்கள் கைவேலை போய்ச் சேரும். கோயிலும் அவர்களைத் தேடி வரும்.

அடுத்து, அங்கிருந்து வடக்கே இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர். பெரியாழ்வார் தொடுத்த மாலையைச் சிறுமி கோதை சூடிப் பார்த்துக் கழற்றி வைத்தாள். அதில் முடி இருப்பதைக் கண்டு பதறிய ஆழ்வார், வேறு மாலை தொடுத்துக்கொண்டு போனார். பெருமாளோ, அவள் சூடியதே வேண்டும் என்றார். கடையில் வாங்கும் பொருளில் குறை இருக்காது. பிள்ளையின் வாசமும் இருக்காது. ஓரம் விரிந்த விசிறிதான் அந்த ஆச்சியின் கைக்கு வேலை கொடுத்தது. வாங்குவதற்கு மட்டுமே நீட்டப்பட்டு வந்த கை, அன்று கற்றுக்கொடுத்தது!

மூன்றாவதாக, நாம் தொடங்கிய குற்றாலம். குற்றாலநாதருக்கு எது தேவை என்று யோசித்து, அதையே கொடுக்கிறார்கள். குளிருக்குக் கஷாயம், தலைக்குத் தைலம். பரிசு செய்யுமுன் நாமும் இல்லத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். கண் மங்கியவருக்குப் பெரிய எழுத்து, படுத்திருப்பவருக்கு இலவம்பஞ்சுத் தலையணை, வெக்கை தாங்காதவருக்கு விசிறி. ஊசியும் கம்பியும் குத்தும்படி எதுவும் வேண்டாம்.

அதைவிட முக்கியமான ஒன்று: அந்தக் கஷாயம் வருஷத்துக்கு ஒருநாள் நைவேத்தியம் இல்லை, தினமும் நடப்பது. அக்டோபர் 1ஆம் தேதியை சர்வதேச முதியோர் தினமாக 1990ல் ஐ.நா. சபை அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனால், உற்சவம் ஒருநாள் என்றால் நித்திய பூஜை யார் செய்வது? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். நம் தெருவிலேயே, நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். பிள்ளைகள் செய்யும் பரிசு உற்சவம் என்றால், மறுபடி போய் நிற்பதுதான் நித்திய பூஜை. மறுபடி வராத அன்பு, வராமலே இருந்ததைவிட அதிகம் வலிக்கும்.

பராக்கிரம பாண்டியன் தென்காசிக் கோயிலில் ஒரு வேண்டுகோளைக் கல்வெட்டாக்கி வைத்திருக்கிறான். இந்த ஆலயத்துக்குப் பிற்காலத்தில் பழுது நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராயினும் அவர் அடிகளில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்பது அதன் கருத்து. மாமன்னன், இன்னும் பிறக்காத பிள்ளைகளின் காலில் விழுகிறான்! பின்னாளில் அந்த ராஜகோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்றது. பலரும் சேர்ந்து அதை மீண்டும் எழுப்பி, 1990 ஜூன் 25ல் கும்பாபிஷேகம் கண்டார்கள். மன்னனின் வணக்கம் போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

"அடுத்த வாரமும் வருவியா" என்று கேட்டபோது அந்த ஆச்சியின் கையிலும் அதே வணக்கம் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. முதுமையும் ஓர் ஆலயம். பழுது பார்க்க வரும் பிஞ்சுக் கைகளை அது முன்கூட்டியே வாழ்த்திவிடுகிறது.

சில வாரங்கள் கழித்து அந்த ஆசிரியைக்குப் போன் செய்தேன். "எல்லாரும் வர்றதில்ல மேடம். அஞ்சாறு பிள்ளைங்க மட்டும் ஞாயித்துக்கிழமை தவறாம போறாங்க. இப்ப ஓலைப்பெட்டி முடையக் கத்துக்கிட்டிருக்காங்க" என்றார்.

ஓலையை நனைத்துத்தான் முடைகிறார்களாம்!

அடுத்த முறை குற்றாலம் போகும்போது, அருவியில் நீராடி, குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மையையும் தரிசியுங்கள். முடிந்தால் அர்த்தஜாமம் வரை இருந்து அந்தக் கஷாய நைவேத்தியத்தைப் பாருங்கள். ஊர் திரும்பியதும், உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து, பக்கத்தில் இருக்கும் ஒரு பெரியவரிடம் அழைத்துப் போங்கள். மறுவாரமும் போங்கள். குற்றாலநாதர் அங்கேயும் காத்திருப்பார்!