வீட்டுக்குள்ளே தொலையும் பிள்ளை



பன்னிரண்டு வயதுப் பாலகனாகிய இயேசுவை மரியன்னையும் சூசையப்பரும் மூன்று நாட்களாகத் தேடினர். தேவாலயத்திலே போதகர் நடுவில் கண்டடைந்தனர். இன்றோ பிள்ளை வீட்டு மூலையிலேயே இருக்கின்றது. கைத்தொலைபேசிக்குள் அது தொலைந்துபோவதை நாம் அறிவதில்லை.

2020 பங்குனியில் கொரோனா நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, படிப்பிற்கென்றே பல வீடுகளில் இக்கருவி பிள்ளையின் கைக்கு வந்தது. பாடசாலைகள் மீண்டும் திறந்தன. கருவியோ கையைவிட்டு இறங்கவில்லை. “பள்ளிக்கூடம் கேட்டது, கொடுத்தோம்” என்கின்றனர் பெற்றோர். “வீட்டில் நடப்பதை நாம் எப்படி அறிவோம்?” என்கின்றனர் ஆசிரியர். இவ்விருவருக்கும் இடையிலேதான் பிள்ளை தொலைகின்றது.

பிள்ளைகளின் முதல் ஆசான்கள் பெற்றோரே என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்தது. பாடசாலை அவர்களுக்குத் துணை. ஆதலால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் புள்ளிகளை மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். வீட்டுப்பாடத்திற்குத் தொலைபேசி எவ்வளவு நேரம் தேவை என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பிள்ளை இரவில் எத்தனை மணிக்கு உறங்குகின்றது என்பதை அவருக்குச் சொல்லுங்கள். இருவரும் சேர்ந்து ஓர் அளவைக் குறியுங்கள். வீட்டிலும் வகுப்பிலும் பிள்ளை ஒரே சொல்லைக் கேட்கட்டும்.

இன்று மாலை செபமாலை வேளையில் வீட்டிலுள்ள தொலைபேசிகள் யாவும் சுரூபத்தின் முன்னே வைக்கப்படட்டும். அப்பாவின் தொலைபேசி முதலாவதாக.